அவர் கேட்கவில்லை, நான் சொல்லலாமா?

கேள்வி: மேடம், 14 ஆண்டுகளாக பைக் ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தேன். அதுவரை எவ்வளவு தப்பாக ஓட்டியிருக்கிறேன் என்பது அங்கேதான் புரிந்தது. முன் பிரேக்கை உருப்படியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டதே அந்த வகுப்பில்தான். மாதம் ஒருமுறை எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து நீண்ட தூரம் போவோம். மூன்று மாதமாக ஒரு தம்பி எங்களோடு வருகிறார். 25 வயது இருக்கும். புதிதாக வாங்கிய பெரிய பைக். வளைவுகளில் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்துக்குள் போய்விடுகிறார். பிரேக் என்றால் காலால் மிதிக்கும் பின் பிரேக்தான். போன முறை நேர் பின்னால் நான்தான் வந்தேன். அவருடைய வலது பாதம் அழுந்துவதும் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போவதும் நன்றாகத் தெரிந்தன. அடுத்து வண்டிகளை நிறுத்தியபோது, "தம்பி, முன் பிரேக்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா? இப்படியே ஓட்டினா ஒருநாள் லாரிக்கு அடியில போயிடுவே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "பார்த்துக்கறேன் அண்ணா" என்றார். அதன்பிறகு இன்னும் வேகமாகத்தான் ஓட்டினார். இப்போது நான் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் இல்லை.

"கேட்காதவங்களுக்கு ஏன் சொல்றீங்க" என்கிறாள் என் மனைவி. இடித்துரைப்பவன்தானே நண்பன்? முன்பின் தெரியாதவர் சைட் ஸ்டாண்டை எடுக்காமல் போனால்கூடத் துரத்திப் போய்ச் சொல்பவன் நான். சொல்லாமல் விட்டு நாளை இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் நிம்மதியாக இருக்க முடியுமா? சொல்லலாமா, கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: எல்லோரும் சிரித்தார்கள் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீங்கள் சொன்ன விஷயம் சரிதான், அக்கறையும் உண்மைதான். ஆனால் அந்தத் தம்பியின் காதில் விழுந்தது முன் பிரேக் பற்றிய விளக்கமா, ஏழெட்டுப் பேர் சிரித்த சத்தமா? எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த சில மணி நேரம் அவர் ஓட்டியது அந்தச் சிரிப்புக்குப் பதிலாக. வேகம் கூடியது அதனால்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் பல வருடமாக எனக்குச் சோறு போடுகிற வேலை. அதோடு நான் ஒரு பெண். இந்த இரண்டும் சேர்ந்ததால், கேட்காத ஆலோசனையைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் எனக்கு நல்ல அனுபவம். ஒருமுறை பெட்ரோல் போட வரிசையில் நின்றபோது, பக்கத்தில் இருந்தவர் எனக்கு க்ளட்ச்சை எப்படி மெதுவாக விடுவது என்று விளக்கினார். பயிற்சியாளர்களுக்கான பயிற்சியை முடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன் அன்று. "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த ஐந்து கிலோமீட்டருக்கு அவருக்கு என்னவெல்லாம் பதில் சொல்லியிருக்கலாம் என்று ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொண்டே போனேன். அதில் ஒரு பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. முன் சக்கரம் இறங்கி ஏறியபோதுதான் சாலைக்குத் திரும்பினேன். விழவில்லை, ஆனால் விழுந்திருக்கலாம். அவர் சொன்னது தப்பும் இல்லை. க்ளட்ச்சை மெதுவாகத்தான் விட வேண்டும். சரியான ஆலோசனை என்னைக் கிட்டத்தட்டக் கீழே தள்ளியது.

அதனால்தான் இதை வெறும் நாகரிகப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை. சமையல் பற்றி யாராவது கேட்காமல் சொன்னால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். பைக்கில் அந்த எரிச்சலோடு இரண்டு சக்கரத்தில் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சைட் ஸ்டாண்ட் ஒன்று, ஓட்டும் திறன் இன்னொன்று. சைட் ஸ்டாண்ட் இறங்கியிருக்கிறது, பின் விளக்கு எரியவில்லை, இண்டிகேட்டர் பத்து நிமிடமாக மின்னிக்கொண்டே இருக்கிறது, ஹெல்மெட் ஸ்ட்ராப் போடவில்லை, பையின் வார் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இதெல்லாம் செய்தி. அவருக்குத் தெரியாத ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் திறமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. இதற்கு அனுமதி வேண்டாம், தயக்கம் வேண்டாம், முன்னுரையும் வேண்டாம். சைட் ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் கியர் போட்டதும் என்ஜினை அணைத்துவிடும் சுவிட்ச் பல வண்டிகளில் இருக்கிறது. எல்லா வண்டிகளிலும் இல்லை. இல்லாத வண்டி அந்தப் பக்கம் சாயும்போது ஸ்டாண்ட் தரையில் ஊன்றி வண்டியையே நெம்பிவிடும். சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் துரத்தாதீர்கள். அடுத்த சிக்னலில் பக்கத்தில் நின்று விரலால் காட்டினால் போதும். ஓடும்போதுதான் காட்டியாக வேண்டும் என்றால் அவர் பார்வைக்குள் வந்து, ஸ்டாண்ட் பக்கம் ஒரு கை சைகை, ஒருமுறை. ஹாரன் அடித்துக்கொண்டு பின்னாலேயே வருபவரைப் பார்த்தால் யாருக்கும் முதலில் பயம்தான் வரும். திரும்பிப் பார்ப்பார், முன்னால் என்ன வருகிறது என்று அவர் பார்க்கமாட்டார், நீங்களும் பார்க்கமாட்டீர்கள். ஒரு ஸ்டாண்டுக்காக இரண்டு பைக்குகளைப் பணயம் வைக்கக் கூடாது.

திறன் பற்றிப் பேசுவது இதிலிருந்து முழுக்க வேறு. அங்கே பேசுவது அவருடைய கண், கை, பழக்கம், பயம், தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் நினைப்பு எல்லாவற்றையும் பற்றி. சொன்னால் மனது புண்படும் என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அதில் உண்டு. அது வேலை செய்யாது. சில நேரம் ஆபத்தாகவும் திரும்பும்.

உங்கள் தம்பியின் பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். வண்டி வேகத்தை இழக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு வருகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது வழுக்கத்தான் செய்யும், நிறுத்தாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். உலர்ந்த சாலையில், நல்ல டயரோடு, பழகிய ஒருவர் இரண்டு பிரேக்கையும் பிடித்தால் 20 மீட்டரை ஒட்டி நின்றுவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதுபோல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். கவனித்துக் கையைக் காலை அசைப்பதற்கு ஆகும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. அதனால் நீங்கள் பயந்தது நியாயம்தான்.

இப்போது, நீங்கள் சொன்னதை அவர் மதித்து ஏற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணன் சொல்றது சரி, இனிமே முன் பிரேக்." அடுத்த வளைவில் வழக்கம்போல அதிக வேகத்தோடு உள்ளே போகிறார். வழக்கம்போல வண்டி வெளியே இழுக்கிறது. பதற்றத்தில், புதிதாகக் கற்ற முன் பிரேக்கைச் சட்டென்று முழுக்கப் பிடிக்கிறார். வண்டி அப்போது சாய்ந்திருக்கிறது. சாய்ந்த டயருக்குத் திரும்புவதற்கே பிடிப்பு செலவாகிக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்கு மிச்சம் கொஞ்சம்தான். முன் சக்கரம் வழுக்கினால் சரிசெய்ய நேரமே கிடைக்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்கூட, சாதாரண வகை என்றால், முக்கியமாக நேராக நிறுத்துவதற்கானது. சாய்ந்திருக்கும் வண்டியை அது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. ஆக, உங்கள் சொல்லைக் கேட்காத தம்பி எதிர்த் தடத்தில் கிடப்பார் என்று நீங்கள் பயந்தீர்கள்; அரைகுறையாகக் கேட்ட தம்பியும் அங்கேயேதான் கிடப்பார்.

என் வகுப்பில் முன் பிரேக்குக்கு மட்டும் ஒரு காலைப் பொழுது போய்விடும். காலியான மைதானம், 20 கிலோமீட்டர் வேகம், வண்டி நேராக, லிவரில் இரண்டே விரல். முதலில் லேசாக அழுத்தி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இறங்கும்வரை பொறுத்து, பிறகு இறுக்க வேண்டும். பத்து முறை, இருபது முறை. அப்புறம் 30, அப்புறம் 40. விரல்கள் தாமாகச் செய்யத் தொடங்கும்வரை விளக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. வண்டியை நிறுத்திய இடத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் ஒரு வாக்கியம் இதைச் செய்யாது. உங்களுக்கே வகுப்புக்குப் போன பிறகுதானே வந்தது? அதற்கு முன் 12 ஆண்டுகளில் யாரும் உங்களிடம் முன் பிரேக்கைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்களா என்ன?

சொல்லியிருப்பார்கள். தப்பாகவும் சொல்லியிருப்பார்கள். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்" என்று எனக்கு முதலில் சொன்னவர் என் மேல் உயிரையே வைத்திருந்த மாமா. அவரிடம் நான் கேட்கவும் இல்லை. இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதத்தினர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தாமாகவோ குடும்பத்தார், நண்பர்களிடமிருந்தோ கற்றவர்கள். பெரும்பாலானவர்கள் ஆபத்து வந்த கணத்தில் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. வண்டியை வெட்டி விலக்கத் தெரிந்தவர் அநேகமாக யாருமே இல்லை. இதையெல்லாம் செய்வதற்கு அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 வினாடிகூட இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் பழைய ஆய்வு, ஒரு நகரத்துச் சாலைகள், அன்றைய வண்டிகள் என்பதெல்லாம் சரி. ஆனாலும் உங்கள் தம்பியை அதில் அச்சடித்தாற்போல் பார்க்கிறேன்.

அந்த 92 சதவீதத்தில் "நண்பர்களிடமிருந்து" என்று வருகிறதே, அது நாம்தான். அவர்களுக்கும் யாரோ அக்கறையாகச் சொல்லித்தான் இருப்பார்கள். நல்ல மனது, அரைகுறைச் சொல், பயிற்சி கிடையாது. அந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணியாக நாமும் சேர வேண்டுமா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பின்னால் இருந்து பார்ப்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியும், ஏன் நடக்கிறது என்று தெரியாது. பிரேக் விளக்கு கைக்கும் எரியும், காலுக்கும் எரியும். பாதம் அழுந்தியதைப் பார்த்தீர்கள். விரல் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. பின் சக்கரம் வழுக்கியதால் உங்கள் ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வளைவில் வெளியே போவதற்குக் காரணங்கள் ஏராளம். உள்ளே நுழையும் வேகம் இருக்கலாம். எங்கே போக வேண்டுமோ அங்கே பார்க்காமல் ஓரத்தைப் பார்ப்பதாக இருக்கலாம். வண்டியைத் திருப்ப, திரும்ப வேண்டிய பக்கத்து ஹேண்டில்பாரை முன்னோக்கித் தள்ள வேண்டும் என்பதே தெரியாமல் இருக்கலாம். பல வருடம் ஓட்டியவர்களுக்கே அது தெரிந்திருப்பதில்லை, உடம்பு தானாகச் செய்துகொண்டிருக்கும், பதற்றத்தில் மறந்துபோகும். பெரிய வண்டி புதிது என்பதால் தோளும் முழங்கையும் விறைத்திருக்கலாம். டயரில் காற்று குறைந்திருக்கலாம்.

அல்லது காரணம் நீங்களாக இருக்கலாம். கோபப்படாதீர்கள். குழுவோடு போகும்போது புதியவர்கள் தங்கள் அளவைத் தாண்டி ஓட்டுவதை வாரா வாரம் பார்க்கிறேன். முன்னால் போகிறவர்களை விட்டுவிடக் கூடாது, பின்னால் வருகிறவர்களை மறிக்கவும் கூடாது. கண்ணாடியில் 14 வருட அனுபவத்தின் ஹெட்லைட் ஒட்டிக்கொண்டே வந்தால் 25 வயதுக்காரர் என்ன செய்வார்? வேகமாகத்தான் போவார்.

நம்மைப் பற்றி நமக்கு இருக்கும் நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். அதே 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் உளவியலாளர் கார் ஓட்டுகிறவர்களிடம், மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எப்படி என்று கேட்டார். அவர் கேட்ட அமெரிக்கர்களில் 93 சதவீதத்தினரும் சுவீடன்காரர்களில் 69 சதவீதத்தினரும் தங்களைத் திறமையில் மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல்பாதியில் பாதிப் பேருக்குத்தான் இடம் உண்டு. பைக்கில் கேட்டிருந்தால் கணக்கு இன்னும் அழகாக இருந்திருக்கும் என்பது என் சொந்த நக்கல். விஷயம் இதுதான்: அந்தத் தம்பியும் மேல்பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறார், நீங்களும் அங்கேதான், நானும் அங்கேதான். மேல்பாதியில் இருப்பவரை மேல்பாதியில் இருக்கும் இன்னொருவர் திருத்த வந்தால், திருத்த வந்தவருக்குத் திமிர் என்றுதான் தோன்றும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. உங்கள் மனைவி பாதிதான் சரி.

நடுக்கோட்டைத் தாண்டுவது என்பது அவருடைய திறமை சம்பந்தப்பட்ட சொந்த விவகாரம் மட்டும் கிடையாது. எதிர்த் தடத்தில் வருகிறவர் உங்கள் குழுவில் சேரவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. இந்த இடத்தில் என்னிடம் மென்மையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர் பின்னால் வந்த அண்ணன் அல்ல, ரைடை நடத்துபவர். சொல்ல வேண்டிய நேரம் கிளம்புவதற்கு முன். சொல்ல வேண்டியது எல்லோரிடமும், விதியாக. கோட்டைத் தாண்டக் கூடாது, குழுவுக்குள் முந்தக் கூடாது, யாரும் யாரையும் துரத்த வேண்டாம், பிரிந்தால் அடுத்த பிரிவுச் சாலையில் எல்லோரும் நின்று காத்திருப்போம். விதி என்று வந்துவிட்டால் யாருக்கும் சிறுமை இல்லை. மீறினால் ரைடை நடத்துபவர் தனியே கூப்பிட்டு, அடுத்த முறை வர வேண்டாம் என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கும் இதே உரிமை உண்டு. தன் உயிர் அந்த வண்டியில் இருக்கும்போது "மெதுவாப் போ, இல்லேன்னா இறக்கி விடு" என்பது அறிவுரைக் கணக்கில் வராது.

அதோடு அவரை நிற்க வைக்கும் இடத்தையும் மாற்றச் சொல்லுங்கள். பல குழுக்களில் புதியவரைத் தலைவருக்கு நேர் பின்னால், இரண்டாவது ஆளாக விடுவது வழக்கம். முன்னால் நிதானமான ஒருவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக் விளக்கை எரியவிட்டு, தடத்துக்குள்ளேயே திரும்பிப் போவதை அவர் பார்த்துக்கொண்டே வருவார். தலைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்வார். பத்து வளைவு அப்படிப் போனால், யாரும் ஒரு சொல் சொல்லாமலே அவர் உடம்புக்கு ஏதோ புரியும். நான் கற்றதில் பாதி நல்ல ஓட்டுநர்களின் முதுகைப் பார்த்துக் கற்றதுதான்.

அப்புறம் உங்கள் பங்கு. இடித்துரைப்பவன் நண்பன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அதற்கு முதலில் நண்பனாக இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று ரைடு. அவர் என்ன வேலை பார்க்கிறார், இந்த வண்டியை ஏன் வாங்கினார், இதற்கு முன் என்ன ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அவருடைய பாதம்தான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

முதல் வேலை மன்னிப்பு. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்பு" என்று ஒரு வரி. அதில் "ஆனா" என்ற சொல் வரக் கூடாது, பிரேக் என்ற சொல்லும் வரக் கூடாது. பதில் வராமல் போகலாம். வராவிட்டாலும் அடுத்த ரைடில் சகஜமாகப் பேசுங்கள், வண்டியைப் பற்றிக் கேளுங்கள். புது வண்டி வாங்கியவர் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்.

அடுத்து, உங்களிடம் ஒரு புதையல் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 12 வருடம் தப்பாக ஓட்டிவிட்டு, வகுப்புக்குப் போய்த் திருந்தி வந்தவர் நீங்கள். அந்தக் கதையைச் சொல்லுங்கள். முதல் நாள் எப்படித் திணறினீர்கள், பயிற்சியாளர் என்ன சொன்னார், இரண்டு விரலில் வண்டி நின்றபோது எப்படி இருந்தது. இதைச் சொல்லும்போது நீங்கள் தப்பு செய்தவர், அவர் கேட்பவர். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்கவில்லையா, கதை அங்கேயே முடியட்டும். "அதனால நீயும்..." என்று வால் சேர்த்தால் கெட்டது. இதைவிட நல்லது: நீங்களே மறுபடி ஒருநாள் பயிற்சிக்குப் போவதாக முடிவெடுத்து, "நான் போறேன், துணைக்கு வர்றீங்களா" என்று கேட்பது. பொய்யாக இல்லை, உண்மையாகவே போங்கள். இரண்டு வருடத்தில் எதெல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது என்று தெரியும்.

இதெல்லாம் சுற்றிவளைப்பதாகத் தோன்றுகிறது, நேரடியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நாள் முடிந்து வண்டியை நிறுத்திய பிறகு, தனியாக, "ஒண்ணு கவனிச்சேன், சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உண்மையிலேயே வழி இருக்க வேண்டும். சரி என்றால் ஒரே ஒரு விஷயம், பார்த்ததை மட்டும்: "நாலஞ்சு வளைவுல கோட்டைத் தாண்டிப் போனீங்க, உள்ள நுழையும்போது எப்படி இருந்துச்சு?" காரணத்தை அவர் சொல்லட்டும். அநேகமாக அவருக்கே தெரிந்திருக்கும். பயந்திருப்பார், யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். லாரி, சாவு, ஆஸ்பத்திரி எதுவும் பேச்சில் வர வேண்டாம். பயமுறுத்தினால் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பு வண்டியைத் திருப்பாது.

கிளம்பும் முன் தனி ஒருவரிடம் குறை சொல்லாதீர்கள், ஓடும்போது ஹெல்மெட்டில் இருக்கும் இண்டர்காமில் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள். இதை நான் ஒருவரைக் கீழே விழ வைத்துக் கற்றுக்கொண்டேன். மாணவர் ஒருவர் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனார். "வெளியே போறீங்க, ஓரத்துல மணல் இருக்கு" என்றேன். மணலை அதுவரை அவர் பார்க்கவில்லை. நான் சொன்னதும் பார்த்தார். பார்த்த இடத்துக்கு வண்டி போகும் என்பது நான் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஊருக்குத்தான் உபதேசம். முழங்கை சிராய்த்தது, க்ளட்ச் லிவர் வளைந்தது, நல்லவேளை வேகம் இல்லை. எழுந்ததும் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அது இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு ஓடும் வண்டிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "எங்கே போகணுமோ அங்கே பாருங்க."

நிம்மதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சொல்லாமல் விட்ட கதையும் ஒன்று உண்டு. பழைய தோழி ஒருத்தியின் பின் டயர் வழவழவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். எங்கே போனாலும் டீச்சர் வேலை பார்க்கிறாள் என்று பேர் வந்துவிட்டதால் வாயைத் திறக்கவில்லை. மழையில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தேய்ந்த டயர் செய்தி, சைட் ஸ்டாண்ட் மாதிரி. அதை நான் ஆலோசனை என்று நினைத்துக் குழப்பிக்கொண்டதுதான் என் தப்பு. அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் திறமை விஷயத்தில், ஒருமுறை, ஒழுங்கான விதத்தில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் லிவரில் இருப்பது அவர் விரல். ஐந்து முறை சொன்னால் ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று கிடையாது. "சொல்லிட்டேன், என் கடமை முடிஞ்சது" என்று நிறுத்துமிடத்தில் போட்டு உடைப்பது உங்கள் தூக்கத்துக்கு உதவும். அவருடைய அடுத்த வளைவுக்கு உதவுமா என்று பாருங்கள். அவரோடு ஓட்டப் பயமாக இருந்தால் அந்த ரைடுக்குப் போகாமல் இருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. அவருடைய பாதம் அழுந்தியது உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் போகும் வண்டிக்கு 2 வினாடி இடைவெளி என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 33 மீட்டர். அதை வைத்து உங்கள் ஓட்டுதலைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீங்கள் கேட்கவில்லை. சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.